வெப்சைட் ஃபைல்களை ஏற்றுவதும் இறக்குவதும்

வெப்சைட் என்பது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஃபோல்டர். அந்தக் கம்ப்யூட்டர் மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். யார் வந்து கேட்டாலும் அந்த ஃபோல்டரில் உள்ள ஃபைலை எடுத்து அனுப்பும். அதைத்தான் சர்வர் என்கிறோம். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்தபடி அந்த ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபைலை வைக்கவும், பழையதை எடுக்கவும், பெயரை மாற்றவும் ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குப் பெயர் எஃப்டிபி. அதில் போய்வர உதவும் மென்பொருள்கள்தான் ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி, சைபர்டக் போன்றவை.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார் ஒருவர். சைட்டில் முகப்பு, ரகங்கள், விலைப்பட்டியல், தொடர்பு என்று சில பக்கங்கள். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, பீத்தர், மல்கோவா என ரகத்துக்கு ஒரு படம். ஓசூரில் யாரோ செய்துகொடுத்தது. மழை தொடங்கி நடவுக்கு ஆட்கள் வரும் நேரத்தில் கன்று விலை மாறும். விலைப்பட்டியலில் ஒரு எண்ணை மாற்றுவதற்கு ஒவ்வொரு தடவையும் டிசைனருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபைலை ஏற்றத் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எஃப்டிபி வேலையில் எல்லாமே இரண்டு பிரதி. உங்கள் லேப்டாப்பில் ஒன்று, சர்வரில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று அறியாது. இங்கே திருத்தினால் அங்கே தானாக மாறாது. அங்கே அழித்தால் இங்கே போகாது. கூகுள் டிரைவ் மாதிரி தானாக ஒத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். இப்போது கையில் இருப்பது எந்தப் பிரதி, கடைசியாகத் திருத்தியது எதை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடும் வேலைதான்.

எஃப்டிபி ரொம்பப் பழசு. முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச் மாணவர், அப்போது அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்தார். இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவம் 1985இல் வந்தது. அன்றைய நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். திருட்டு பயம் பெரிதாக இல்லை. அதனால் பழைய எஃப்டிபியில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமல் அப்படியே போகும். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் தெளிவாகப் படிக்கலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டது தெரியவந்த பிறகுதான், அங்கிருந்த டாட்டு இலோனன் 1995இல் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையை எழுதினார். அந்த எஸ்எஸ்எச் வழியாகவே ஃபைல்களை அனுப்புவது எஸ்எஃப்டிபி. பழைய எஃப்டிபிக்கே ஒரு பூட்டுப் போட்டது எஃப்டிபிஎஸ். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. சர்வரில் உங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனி எஸ்எஃப்டிபி கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எஃப்டிபிஎஸ். பூட்டே இல்லாத வெறும் எஃப்டிபிதான் இருக்கிறது என்று சொன்னால், கம்பெனியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து. முன்பெல்லாம் பிரவுசரிலேயே எஃப்டிபி முகவரியைத் தட்டித் திறக்க முடிந்தது. 2021இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. ஆகவே இப்போது தனி மென்பொருள் வேண்டும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது ஃபைல்ஜில்லா. விண்டோஸ் மட்டும் என்றால் வின்எஸ்சிபியும் நன்றாக இருக்கும். இரண்டும் இலவசம். இங்கே ஃபைல்ஜில்லாவை வைத்தே சொல்கிறேன், அதைத்தான் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதிகாரபூர்வ சைட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யும்போது வேறு ஏதாவது மென்பொருளையும் சேர்த்துப் போடவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் பழக்கம் இங்கே உதவாது.

உள்ளே போக நான்கு விவரங்கள் தேவை: ஹோஸ்ட் பெயர் (சர்வரின் முகவரி), யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் எண் (சர்வரில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று சொல்லும் எண்). எஃப்டிபிக்கு வழக்கமான போர்ட் 21, எஸ்எஃப்டிபிக்கு 22. சில கம்பெனிகள் வேறு எண் வைத்திருக்கும். ஹோஸ்டிங் வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் இவை இருக்கும்; ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான கண்ட்ரோல் பேனலிலும் இருக்கும். நம் பக்கம் உள்ள சிக்கல் என்னவென்றால், சைட்டைச் செய்துகொடுத்தவர் பெங்களூரிலோ ஓசூரிலோ இருப்பார், எல்லா விவரமும் அவர் கையில்தான் இருக்கும். காசு கொடுத்தது நீங்கள், சாவி அவரிடம். சைட் முடிந்த அன்றே ஹோஸ்டிங் கணக்கு, டொமைன் (சைட்டின் பெயர்) கணக்கு, எஃப்டிபி விவரம் மூன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் நம்பர் மாறியிருக்கும்.

ஃபைல்ஜில்லாவைத் திறந்ததும் திரை நெரிசலாகத் தெரியும். பயப்பட வேண்டாம். நடுவில் இரண்டு பெரிய கட்டங்கள்: இடது பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர். இடமிருந்து வலம் இழுத்தால் ஏற்றம், வலமிருந்து இடம் இழுத்தால் இறக்கம். மேலே ஒரு சின்ன கட்டத்தில் உங்கள் மென்பொருளும் சர்வரும் பேசிக்கொள்வது வரி வரியாக ஓடும். அடியில் வரிசை: போக வேண்டியவை, போகாமல் தோற்றவை, போய்ச் சேர்ந்தவை என்று மூன்று தாவல்கள்.

விவரங்களை மேலே உள்ள பட்டையில் ஒவ்வொரு தடவையும் தட்டுவதைவிட, ஃபைல் மெனுவில் இருக்கும் சைட் மேனேஜரில் ஒருமுறை பதிந்து வைப்பது நல்லது. புரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்எஃப்டிபியா எஃப்டிபியா என்று தேர்ந்தெடுங்கள். முதல் தடவை எஸ்எஃப்டிபியில் இணையும்போது, இந்த சர்வரை உனக்குத் தெரியுமா, நம்பலாமா என்று கேட்கும். முதல் தடவை கேட்பது வழக்கம்தான்; முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம். பல மாதம் கழித்து, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரித்தால் மட்டும் நின்று, ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் மேல் கட்டத்தைப் படியுங்கள். எஃப்டிபியில் சர்வர் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் ஒன்று கொடுக்கும். 230 என்றால் உள்ளே வந்தாயிற்று. 530 என்றால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 550 என்றால் அப்படி ஒரு ஃபைல் இல்லை, அல்லது அதைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. 552 வந்தால் வாங்கிய இடம் நிரம்பிவிட்டது. 226 வந்தால் அனுப்பியது முழுதாகப் போய்ச் சேர்ந்தது. ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்து 'சார், வேலை செய்யல' என்று சொல்வதற்கும், '530 வருது' என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு உடனே பதில் வரும்.

உள்ளே போய்விட்டது, ஆனால் வலது கட்டம் காலியாகவே நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர் பட்டியலை எடுக்க முடியவில்லை என்று சிவப்பில் வருகிறது. இது அடிக்கடி நடக்கும். எஃப்டிபி ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் முடிப்பதில்லை. தோப்புக்காரரும் காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஃபேக்டரியும் செய்வது போலத்தான்: போனில் பேசுவது ஒரு பக்கம், காய் ஏற்றிய லாரி தனி. கட்டளைகள் ஒரு இணைப்பில் போகும், ஃபைலும் பட்டியலும் இன்னொரு இணைப்பில் வரும். ஆக்டிவ் என்ற முறையில் லாரியை சர்வர் உங்கள் வாசலுக்கு அனுப்பும். வீட்டு ரவுட்டரும் ஃபயர்வாலும் தெரியாத வண்டியை உள்ளே விடாது. பேசிவ் முறையில் எந்தக் கேட்டுக்கு வர வேண்டும் என்று சர்வர் சொல்லும், வண்டியை நாம் கொண்டுபோவோம். ஃபைல்ஜில்லா தானாகவே பேசிவ் முறையைத்தான் எடுக்கும். அப்படியும் பட்டியல் வரவில்லை என்றால், செட்டிங்ஸில் யாராவது ஆக்டிவ் என்று மாற்றி வைத்திருக்கிறார்களா, ஆன்டிவைரஸ் தடுக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஃப்டிபியில் பேச்சும் சரக்கும் ஒரே இணைப்பில் போவதால் இந்தத் தொல்லையே கிடையாது. அதை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உள்ளே வந்தாயிற்று. வலது பக்கம் நிறைய ஃபோல்டர்கள் தெரியும். மின்னஞ்சல், லாக், எஸ்எஸ்எல் என்று பெயர் இருப்பவற்றைத் தொட வேண்டாம். பப்ளிக் எச்டிஎம்எல் என்ற ஃபோல்டர்தான் பெரும்பாலும் நம்முடையது. சில சர்வர்களில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ அல்லது எச்டிடாக்ஸ் என்று இருக்கும். அதற்குள் இருப்பதுதான் உலகத்துக்குத் தெரியும். உள்ளே இண்டெக்ஸ் என்ற பெயரில் இருக்கும் ஃபைல்தான் முகப்புப் பக்கம்.

புதிதாக வருபவர்கள் செய்வது, லேப்டாப்பில் இருக்கும் 'நர்சரி' ஃபோல்டரை அப்படியே இழுத்து பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் போடுவது. பிறகு சைட்டைத் திறந்தால் எதுவும் வராது, ஏனென்றால் முகப்புப் பக்கம் ஒரு படி உள்ளே போய்விட்டது. நர்சரி ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இழுக்க வேண்டும்.

அடுத்த தொல்லை படங்கள். லேப்டாப்பில் செந்தூரா படம் அழகாகத் தெரிகிறது, சர்வரில் ஏற்றியதும் உடைந்த சின்னம் வருகிறது. காரணம் பெரும்பாலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அது வேறு வேறாகப் பார்க்கும். கேமராவிலிருந்து வரும் படத்தின் பெயரில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். ஃபைல் பெயர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல், தேவையென்றால் சிறுகோடு போட்டு வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் இந்தத் தலைவலி போய்விடும். படத்தை ஏற்றும் முன் அளவையும் குறையுங்கள். போனில் எடுத்த படம் சில எம்பி இருக்கும், வெப்சைட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

ஏற்றும் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதுப் படங்களை முதலில், பக்கத்தைக் கடைசியில். பக்கம் முதலில் போய், படம் பாதி வழியில் இருக்கும்போது கரண்ட் போனாலும் நெட் போனாலும், அந்த நேரத்தில் வருகிறவர் உடைந்த பக்கத்தைப் பார்ப்பார்.

அதே பெயரில் சர்வரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால், என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். மேலெழுதவா, புதியதாக இருந்தால் மட்டும் மேலெழுதவா, அளவு வேறாக இருந்தால் மட்டுமா, விட்ட இடத்திலிருந்து தொடரவா, தாண்டிப் போகவா. இந்த இடத்தில்தான் முன்பு சொன்ன இரண்டு பிரதி விஷயம் வேலைக்கு வருகிறது. மேலெழுதினால் சர்வரில் இருந்தது போய்விடும். அங்கே குப்பைத் தொட்டி கிடையாது. விண்டோஸில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து எடுப்பது மாதிரி எடுக்க முடியாது. அழிப்பதும் அப்படித்தான். அதனால் பழைய விலைப்பட்டியலை அழிக்கவோ மேலெழுதவோ செய்யும் முன், வலது பக்கம் அதன் மேல் ரைட் கிளிக் செய்து பெயரை மாற்றிவிடுங்கள், 'விலை பழையது' என்கிற மாதிரி. பெயர் மாற்றம் சர்வரிலேயே நடப்பது, டேட்டா எதுவும் பயணிப்பதில்லை, எவ்வளவு பெரிய ஃபோல்டராக இருந்தாலும் நொடியில் முடியும். புது ஃபைல் சொதப்பினால் பழைய பெயரைத் திருப்பி வைத்தால் போதும். முழு சைட்டையும் புதிதாக மாற்றும்போதும் இதே வழி: புதியதை வேறு பெயருள்ள ஃபோல்டரில் நிதானமாக ஏற்றிவிட்டு, கடைசியில் இரண்டு பெயர்களையும் மாற்றிக்கொள்ளலாம்.

'விலையை மாத்தி ஏத்திட்டேன்ணா, ஆனா போன்ல பழசுதான் வருது' என்பது அடிக்கடி கேட்கும் புகார். அடியில் போய்ச் சேர்ந்தவை என்ற தாவலில் ஃபைல் இருந்து, வலது கட்டத்தில் அதன் நேரமும் அளவும் புதிதாக இருந்தால், ஏற்றம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்கள். போனில் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள்.

ஃபைல்ஜில்லாவில் ஒரு வசதி எனக்குப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிறது: சர்வரில் உள்ள ஃபைலை ரைட் கிளிக் செய்து வியூ அல்லது எடிட் கொடுத்தால், தற்காலிகப் பிரதி ஒன்று உங்கள் எடிட்டரில் திறக்கும், திருத்திச் சேமித்ததும், திரும்ப ஏற்றட்டுமா என்று கேட்கும். ஒரு எண்ணை மாற்ற இது அற்புதம். ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் விலைப்பட்டியலுக்கு இந்தத் திருத்தம் தெரியாது. அடுத்த வாரம் லேப்டாப் பிரதியில் வேறு ஏதோ மாற்றி ஏற்றினால், பழைய விலை திரும்பி வந்துவிடும். இப்படித் திருத்தினால் உடனே அந்த ஃபைலை இடது பக்கம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எது புதிது என்று சந்தேகம் வந்தால், வியூ மெனுவில் ஃபோல்டர்களை ஒப்பிடும் வசதி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இருப்பதை மஞ்சளிலும், அளவு வேறுபடுவதைச் சிவப்பிலும் காட்டும். நேரத்தை வைத்து ஒப்பிடச் சொன்னால் புதியதைப் பச்சையில் காட்டும்.

அனுமதி எண்கள் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 644, ஃபோல்டருக்கு 755 என்று மூன்று இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 644 என்றால் நீங்கள் படிக்கலாம் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் 777 போடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று எழுதிக் கொடுப்பது அது.

பிரவுசரிலேயே சைட்டை எழுதி நடத்த உதவும் மென்பொருள் வேர்ட்பிரஸ். அதில் சைட் வைத்திருப்பவர்களுக்குத் தினசரி வேலையில் எஃப்டிபி தேவைப்படாது. பதிவும் படமும் அட்மின் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆனால் ஒருநாள் பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றை அப்டேட் செய்ததும் சைட் வெள்ளையாகிவிடும், அட்மின் பக்கமும் திறக்காது. 2019க்குப் பிறகு வந்த வேர்ட்பிரஸ் மீட்பு இணைப்பு ஒன்றை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பும். அந்த மின்னஞ்சல் முகவரி பழைய டிசைனருடையதாக இருந்தால் அதுவும் உங்களுக்கு வராது. அப்போது கைகொடுப்பது எஃப்டிபிதான். டபிள்யூபி கண்டெண்ட் ஃபோல்டருக்குள் பிளக்இன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். தொல்லை கொடுத்த பிளக்இன்னின் ஃபோல்டர் பெயரைச் சற்று மாற்றுங்கள். வேர்ட்பிரஸால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, அதை விட்டுவிட்டு மற்றதை ஓட்டும், சைட் எழுந்துவிடும். எது தொல்லை கொடுத்தது என்று தெரியாவிட்டால் பிளக்இன்ஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றிவிட்டு, அட்மினில் நுழைந்து பிளக்இன் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். இந்த ஒரு வித்தைக்காகவாவது எஃப்டிபி விவரத்தைக் கையில் வைத்திருங்கள்.

பேக்கப் எடுப்பது சுலபம்: வலது பக்கம் பப்ளிக் எச்டிஎம்எல்லை இடது பக்கம் இழுக்க வேண்டியதுதான். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த ஃபைல்களும் வர வேண்டும் என்பதால், சர்வர் மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வேர்ட்பிரஸில் நீங்கள் எழுதிய பதிவுகள் ஃபைலாக இருப்பதில்லை. அவை டேட்டாபேஸ் என்ற தனித் தகவல் கிடங்கில் இருக்கின்றன. எஃப்டிபியில் இறக்கிவிட்டேன், பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தால் கையில் இருப்பது படங்களும், சைட்டின் தோற்றத்தைத் தரும் தீம் மாதிரியான ஃபைல்களும் மட்டும்தான். கண்ட்ரோல் பேனலில், டேட்டாபேஸைக் கையாளும் கருவியான பிஎச்பி மை அட்மினைத் திறந்து டேட்டாபேஸையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் முழுவதையும் ஏற்றும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் போகும். மொத்த அளவு சின்னதாக இருந்தாலும் நேரம் இழுக்கும், ஏனென்றால் எஃப்டிபியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி இணைப்பு திறந்து மூடப்படுகிறது. அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கம் போன் டேட்டாவை வைத்துக்கொண்டு, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இதைச் செய்தால் பொறுமை போய்விடும். எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஆக்கி ஏற்றி, ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலில் இருக்கும் ஃபைல் மேனேஜர் வழியாக அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். எஃப்டிபிக்கு ஜிப்பைப் பிரிக்கத் தெரியாது. இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறது. முடிந்ததும் ஜிப்பை சர்வரிலிருந்து அழித்துவிடுங்கள். பப்ளிக் எச்டிஎம்எல்லில் கிடந்தால், பெயரை ஊகிப்பவர் யாரும் இறக்கிக்கொள்ளலாம். வேலை முடித்தவுடன் தோற்றவை தாவலையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். நூறு ஃபைலில் இரண்டு போகாமல் நின்றாலும் மென்பொருள் சத்தம் போடாது.

பாஸ்வேர்டு விஷயத்தில் கறாராக இருங்கள். 2009இல் கும்ப்ளார் என்ற வைரஸ், மக்கள் கம்ப்யூட்டர்களிலிருந்து எஃப்டிபி பாஸ்வேர்டுகளைத் திருடி, அவற்றை வைத்தே ஏராளமான வெப்சைட்டுகளுக்குள் புகுந்தது. ஃபைல்ஜில்லா வெகுகாலம் பாஸ்வேர்டைப் பூட்டாமல்தான் சேமித்து வைத்தது. 2017இலிருந்து மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்துக்கு வேலை செய்தால், பாஸ்வேர்டைச் சேமிக்காத வழியைத் தேர்ந்தெடுங்கள், முடித்ததும் எடிட் மெனுவில் தனிப்பட்ட தகவல்களை அழிக்கும் வசதியை ஓட்டிவிட்டு எழுந்திருங்கள்.

சைட்டில் ஒரு மாற்றம் செய்ய வெளியாளைக் கூப்பிட்டால், உங்கள் முதன்மைப் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் புதிதாக ஒரு எஃப்டிபி கணக்கு உருவாக்கலாம். அதை ஒரே ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் அடைத்தும் வைக்கலாம். ரகங்களின் படத்தை மாற்ற வந்தவருக்குப் படங்கள் ஃபோல்டர் போதும். அவர் வேலை முடித்து, நீங்கள் சைட்டைப் பார்த்து, காசு கொடுத்த பிறகு அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். அவரிடம் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடலாம், தொழில் தெரிந்த யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.